பன்றிக்கு இட்ட கம்பியும் பாதையில் போகும் மனிதரும்

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளிப் பகுதியில் மார்கழிப் பின்பாதி தொடங்கித் தை முடியும் வரை விவசாயிக்கு இரவில் உறக்கம் குறைவு. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த மக்காச்சோளம் கதிர் முற்றி நிற்கும். குச்சிக்கிழங்கில் மாவு ஏறி, சேகோ ஆலைக்குப் போகும் பக்குவத்தில் இருக்கும். இந்த நாட்களில்தான் கொல்லிமலை, போதமலை, கல்வராயன்மலை, பச்சைமலை, ஜருகுமலை ஆகியவற்றின் அடிவாரங்களிலிருந்து காட்டுப்பன்றிகள் கூட்டம் கூட்டமாக இறங்குகின்றன. ஒரு கூட்டம் ஒரே இரவில் அரை ஏக்கர் கிழங்கைத் தோண்டிப் போட்டுவிட்டுப் போகும். தின்றதைவிடச் சாய்த்ததே அதிகமாக இருக்கும். பொங்கலையொட்டி முயல் வேட்டைக்கு வலையும் நாயுமாக ஆட்கள் கிளம்புவதும் இதே நாட்களில்தான்.

காவலுக்கும் தண்ணீர் பாய்ச்சவும் இரவில் தோட்டத்துக்குப் போகும் சிறு விவசாயி பன்றியைக் கண்டு அஞ்சுகிறார். அஞ்ச வேண்டியதுதான். ஆனால் பன்றி வந்தால் சத்தம் கேட்கும், வாடை வரும், விலகி நிற்க அவகாசம் கிடைக்கும். பன்றிக்காக வைக்கப்பட்ட மின்கம்பியும், அவுட்டுக்காயும், சுருக்கும், நாட்டுத் துப்பாக்கியும் அந்த அவகாசத்தைத் தருவதில்லை. விலங்குக்கு இட்டவை மனிதரையும் மாட்டையும் பிரித்து அறிவதுமில்லை.

மேலை நாடுகள் சிலவற்றில் வேட்டைக்கு என்று ஒரு பருவம் உண்டு. அமெரிக்காவில் பல மாநிலங்களில் இலையுதிர் காலத்தில் மான் வேட்டைக்கு உரிமம் கொடுத்து நாட்களைக் குறிக்கிறார்கள். அந்நாட்களில் வேட்டைக்காரர்கள் தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும் ஆரஞ்சு நிற மேலாடை அணிய வேண்டும் என்று அங்கே பல மாநிலங்களில் சட்டம் உள்ளது. எந்த நாளில், எந்தப் பகுதியில் துப்பாக்கி வெடிக்கும் என்பது அங்குள்ள குடியானவருக்குத் தெரியும். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டை ஆண்டு முழுவதும் தடை செய்யப்பட்டது. கொல்வது மட்டுமன்றி, சுருக்கு வைப்பது, வலை விரிப்பது, இரை வைத்து இழுப்பது, விரட்டிப் பிடிப்பது ஆகிய எல்லாமே அச்சட்டத்தில் வேட்டை என்றே கொள்ளப்படுகின்றன. ஆகையால் நடக்கிற வேட்டை மறைவாகவே நடக்கிறது. எச்சரிக்கைப் பலகை கிடையாது, தண்டோரா கிடையாது. கம்பி கட்டியவர் அதைப் பக்கத்துத் தோட்டக்காரரிடம்கூடச் சொல்வதில்லை. ஆபத்தின் பெரும்பகுதி இந்த மறைவில்தான் இருக்கிறது.

மின்கம்பி

உயிரிழப்புக்கு முதற் காரணமாக வைத்துப் பார்க்க வேண்டியது திருட்டு மின்வேலிதான். மோட்டார் கொட்டகையிலிருந்தோ, மேலே செல்லும் மின்பாதையில் கொக்கி போட்டோ ஒரு முனை மின்சாரத்தை இழுத்து, கட்டுக்கம்பி வழியாகப் பயிரைச் சுற்றி விடுகிறார்கள். பன்றியின் உயரத்துக்கு ஏற்ப, தரையிலிருந்து சுமார் ஒரு அடி உயரத்தில் குச்சி நட்டுக் கம்பி கட்டப்படுகிறது. இரவில் வரும் மனிதருக்கு அது சரியாகக் கணுக்காலுக்கு மேல், முழங்காலுக்குக் கீழ் படும். செருப்பு போட்டிருக்கிறோம் என்ற தைரியம் இங்கே உதவாது. கம்பி படுவது செருப்புக்கு மேலே உள்ள வெறுங்காலில். மற்றொரு கால் தண்ணீர் பாய்ந்த ஈர மண்ணில் இருக்கும்.

"கம்பியில் ஆள் பட்டால் பியூஸ் போய்விடும், ஒன்றும் ஆகாது" என்று சிலர் நம்புகிறார்கள். இது மிகவும் தவறான நம்பிக்கை. 5 குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது 7 அல்லது 8 ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கிறது. பியூஸ் கம்பி அதற்கும் மேல் தாங்கும்படியே போடப்படுகிறது. ஈரமான மனித உடலின் தடை சுமார் 1,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட் மின்சாரம் பட்டதும் உடலில் பாய்வது கால் ஆம்பியருக்கும் குறைவு, அதாவது 230 மில்லி ஆம்பியர். இவ்வளவு சிறிய அளவு பியூஸை ஒன்றும் செய்யாது. ஆனால் 10 முதல் 20 மில்லி ஆம்பியரிலேயே தசைகள் இறுகி, பிடித்த கம்பியை விட முடியாமல் போகும். 100 மில்லி ஆம்பியர் அளவில் நெஞ்சின் வழியே சில விநாடிகள் பாய்ந்தால் இதயம் முறையாகத் துடிப்பதை நிறுத்திவிடும். மனிதர் இறந்து கிடக்க, கொட்டகையில் மோட்டார் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்கும்.

அனுமதி பெற்ற சூரிய மின்வேலி வேறு வகையைச் சேர்ந்தது. அதில் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஒரு கருவி பல ஆயிரம் வோல்ட் அழுத்தத்தை உண்டாக்குகிறது. வோல்ட் கணக்கைக் கேட்டால் பயமாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு அடியும் விநாடியில் நூறில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரமே நீடிக்கும். அடுத்த அடிக்குச் சுமார் ஒரு விநாடி இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில் தசை தளர்ந்து, பட்ட விலங்கோ மனிதரோ விலகிக்கொள்ள முடிகிறது. ஒவ்வொரு அடியிலும் உள்ள ஆற்றலும் தர விதிகளால் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. வீட்டு மின்சாரத்தில் இடைவெளி என்பதே இல்லை. ஆகவே, "அவர் போட்டிருப்பதும் கரண்டு, நான் போட்டிருப்பதும் கரண்டு" என்ற வாதம் பொருந்தாது.

2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே ஒரு விவசாய நிலத்தில் சட்டவிரோதமாக இட்ட மின்கம்பியில் சிக்கி 3 பெண் யானைகள் மடிந்தன. உடன் வந்த 2 குட்டிகள் பிழைத்தன. மூன்று யானைகளைச் சாய்த்த கம்பியை மிதித்து ஒரு மனிதர் பிழைப்பது எப்படி? அந்த நிகழ்ச்சி நாடெங்கும் பேசப்பட்டது. கிராமங்களில் பன்றிக் கம்பியில் பட்டு மடியும் கூலியாட்களின் செய்தி நாளிதழின் உட்பக்கத்தில் நான்கு வரியோடு முடிந்துவிடுகிறது.

இரவில் தோட்டத்துக்குப் போகிறவர்கள் பகலிலேயே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. தம் நிலத்தின் நான்கு எல்லையையும், இரவில் நடக்கும் வரப்பையும் வாரம் ஒரு முறையாவது வெளிச்சத்தில் சுற்றிப் பார்க்க வேண்டும். எல்லையோரம் ஒரே உயரத்தில் நட்ட புதுக் குச்சிகள், மரத்தில் கட்டிய பாட்டில் கழுத்து அல்லது ரப்பர் துண்டு, கொட்டகையிலிருந்து காரணமின்றிப் போகும் ஒற்றைக் கம்பி, கம்பியோரம் செத்துக் கிடக்கும் எலி, தவளை, நாய் ஆகியவை கண்ணில் பட்டால் அந்தப் பக்கம் இரவில் கால் வைக்கக் கூடாது. குறுக்கு வழி என்று அடுத்தவர் மக்காச்சோளத்துக்குள் புகுந்து போவதை இந்தப் பருவத்தில் அடியோடு விட்டுவிட வேண்டும். முள்கம்பி வேலியையும் இரும்புக் கதவையும் இருட்டில் கையால் பற்றக் கூடாது. முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் ஓரளவு பாதுகாப்புத் தரும். பாம்புக்கும் அது நல்லது. கிழிந்த பூட்ஸ் இருந்தும் இல்லாததற்குச் சமம்.

ஒருவர் கம்பியில் விழுந்து கிடப்பதைக் கண்டால் ஓடிப் போய்த் தூக்குவதே இயல்பு. கணவரைத் தேடிச் செல்லும் மனைவி, தந்தையைத் தேடிச் செல்லும் மகன் என்று இரண்டாவது உயிர் போவது இப்படித்தான். அருகில் போகுமுன் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். எந்தக் கொட்டகையிலிருந்து வருகிறது என்று தெரிந்தால் அங்கே சுவிட்சை இறக்கலாம். தெரியாவிட்டால் ஊர் மின்பணியாளரையோ, மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987ஐயோ அழைத்து அந்தப் பாதையை நிறுத்தச் சொல்ல வேண்டும். நடக்கையில் உள்ளங்காலில் சுரீரென்று தெரிந்தால் நின்று, காலை அகட்டி வைக்காமல், சிறு சிறு அடியாகத் தேய்த்துப் பின்வாங்க வேண்டும். வேறு வழியே இல்லாதபோது, தானும் உலர்ந்த பலகை மீது நின்று, நன்கு காய்ந்த நீளமான மூங்கிலால் கம்பியை விலக்கலாம். அப்போது வெட்டிய பச்சைக் குச்சி, கடப்பாரை, தண்ணீர்க் குழாய் ஆகியவற்றை எடுக்கவே கூடாது.

மின்சாரம் நின்றது உறுதியான பின் 108க்குச் சொல்லிவிட்டு, மூச்சு இல்லையானால் மார்பின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சுமார் 5 செ.மீ. ஆழம் அமுங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை இதை விடாமல் செய்ய வேண்டும். ஒருவர் களைத்தால் மற்றவர் மாற்றிக்கொள்ளலாம். இம்முறையை ஊர் இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுக்குமாறு ஆரம்ப சுகாதார நிலையத்தைக் கேட்டுக்கொள்ளலாம்.

பக்கத்துத் தோட்டத்தில் கம்பி இருப்பது தெரிந்தால் என்ன செய்வது என்பது கடினமான கேள்வி. கட்டியவர் பங்காளியாகவோ, மாமன் மச்சானாகவோ இருப்பார். காட்டிக்கொடுத்தார் என்ற பேச்சு வரும். முதலில் ஊரில் மதிப்புள்ள இருவரை அழைத்துப் போய் நேரில் சொல்லிப் பார்ப்பது நல்லது. சொல்லும்போது சட்டத்தையும் எடுத்துச் சொல்ல வேண்டும். மின்திருட்டுக்கு 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தில் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. கம்பியில் ஆள் இறந்தால், கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாக வழக்கு வரக்கூடும். கேட்காவிட்டால் மின்வாரிய உதவிப் பொறியாளரிடம் தெரிவித்துவிட வேண்டும். விடியற்காலையில் களையெடுக்கவும் பூப்பறிக்கவும் அந்த வரப்பில் போகும் பெண்களுக்குக் கம்பி இருப்பது தெரியாது என்பதை நினைத்தால் தயக்கம் குறையும்.

அவுட்டுக்காய்

எலுமிச்சை அல்லது நார்த்தங்காய் அளவில், நூல் சுற்றி உருட்டி, மேலே கொழுப்போ மாவோ கருவாட்டு வாடையோ பூசி வைக்கும் நாட்டு வெடியே அவுட்டுக்காய். பன்றிக்காய் என்றும் சொல்வார்கள். இதற்குத் திரியும் நெருப்பும் தேவையில்லை. கடித்தாலோ, மிதித்தாலோ, உரசினாலோகூட வெடிக்கும். இரவில் வைத்தவர் விடியுமுன் வந்து எடுத்துவிடுவார் என்று எண்ணிவிடக் கூடாது. நாயோ நரியோ கவ்விக் கொண்டுபோய் வேறிடத்தில் போட்டிருக்கலாம். 2020 மே மாதம் கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்தில் வெடி நிரப்பிய காயைக் கடித்து வாய் சிதைந்த கர்ப்பிணி யானை வெள்ளியாற்றில் நின்றபடியே இறந்தது. அந்த வெடி பன்றிக்காக வைக்கப்பட்டது என்பதே விசாரணையில் தெரியவந்தது.

அடிவாரத்தில் ஆடு மாடு மேய்ப்பவர்கள், முதலில் தாம் முன்னே நடந்து பார்த்துவிட்டுப் பிறகு மந்தையை ஓட்ட வேண்டும். பன்றித் தடம் அதிகம் உள்ள ஓடை, புதர் ஓரங்களை இந்த மாதங்களில் தவிர்க்கலாம். நூல் சுற்றிய உருண்டை, தாளில் மடித்த பொட்டலம் எதையும் எடுக்கக் கூடாது என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு அடிக்கடி சொல்லி வைக்க வேண்டும். பந்து என்று எடுத்து விளையாட அது போதும். கண்டவர்கள் அதைத் தொடாமல், கல் எறியாமல், தண்ணீர் ஊற்றாமல், தள்ளி நின்று மற்றவரையும் கால்நடைகளையும் விலக்கிவிட்டு, காவல் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும்.

மாட்டுக்கு வாயில் வெடித்துவிட்டால் தீவனத்தையோ மருந்தையோ வலுவில் புகட்டக் கூடாது. இரத்தமும் தண்ணீரும் மூச்சுக்குழலில் இறங்கி மாடு மூச்சடைத்துப் போகும். தலையைத் தாழ்த்தி வைத்து, சுத்தமான துணியால் ஒற்றி, அருகிலுள்ள கால்நடை மருத்துவருக்கு உடனே சொல்ல வேண்டும். தாடை எலும்பு முறிந்த நிலையில் உள்ள கால்நடையை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு செல்வது நல்லது.

துப்பாக்கியும் சுருக்கும்

மலையடிவாரங்களில் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகள் இன்னும் அவ்வப்போது பிடிபடுகின்றன. இரவில் சுடுகிறவர் விலங்கை முழுதாகப் பார்த்துச் சுடுவதில்லை. பயிர் அசைவதையோ, விளக்கொளியில் மின்னும் கண்ணையோ பார்த்துச் சுடுகிறார். இந்நிலையில் கருப்புக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, பீடி நெருப்பையும் உள்ளங்கையில் மறைத்து, மக்காச்சோளத்துக்குள் சத்தமின்றிக் குந்தியிருக்கும் காவற்காரர் தூரத்தில் இருப்பவருக்குப் பன்றியாகவே தெரிவார். காவல் என்பது மறைந்திருப்பது என்ற பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். தரையில் உட்காராமல் பரண் கட்டி அமர்வது, வெள்ளைத் துண்டு அல்லது வெளிர் நிறச் சட்டை அணிவது, விளக்கை அணைக்காமல் வைத்திருப்பது, வானொலியைப் பாடவிடுவது, நடக்கும்போது இருமிக்கொண்டும் பேசிக்கொண்டும் போவது எல்லாம் இரண்டு விதத்தில் பயன் தரும். சுடுபவருக்கு ஆள் இருப்பது தெரியும். பன்றியும் விலகிப் போகும்.

இரு சக்கர வாகனத்தின் பிரேக் கம்பியால் செய்த சுருக்குகளை வேலிச் சந்துகளில் வைக்கிறார்கள். மனிதர் காலை வாரிவிடும் என்பதோடு, அடிவார ஊர்களில் சிறுத்தையும் சில வேளை இதில் மாட்டுகிறது. சிக்கிய சிறுத்தையை வேடிக்கை பார்க்கப் போகவே கூடாது. அது கம்பியை அறுத்துக்கொண்டு பாயும். வனத்துறைக்குச் சொல்லிவிட்டு வீட்டிலேயே இருப்பது உத்தமம்.

குறைவாகக் கவனிக்கப்படும் ஆபத்து ஒன்று உண்டு. இரவில் குண்டோ வெடியோ பட்டுச் சாகாமல் தப்பிய பன்றி, கிழங்குக் கொல்லையிலோ கரும்பிலோ புகுந்து படுத்துக்கொள்ளும். மறுநாள் காலை களைவெட்டப் போகிறவர் மேல்தான் அதன் கோபம் விழும். இரவில் வெடிச்சத்தம் கேட்ட தோட்டத்தில் காலையில் உடனே ஆள் இறக்கக் கூடாது. இரத்தத் துளி, புதிய தடம் இருக்கிறதா என்று வரப்பிலிருந்தே பார்த்து, தகரம் தட்டி, பன்றி ஓடுவதற்கு ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டு, பிறகே நுழைய வேண்டும். எதிரில் வந்துவிட்டால் அதன் நேர்வழியில் ஓடாமல் பக்கவாட்டில் விலகி, மரத்திலோ உயரமான திட்டிலோ ஏறிக்கொள்ளலாம். குட்டிகளோடு இருக்கும் பெண் பன்றியிடம் கூடுதல் கவனம் தேவை.

பொங்கல் வேட்டை

காணும் பொங்கலையொட்டி முயல் வேட்டைக்குக் கிளம்புவது சில ஊர்களில் வழக்கமாக இருந்து வருகிறது. வாழப்பாடி வட்டாரச் சிற்றூர்களில் வங்காநரியை வலையில் பிடித்து வந்து, காலில் கயிறு கட்டி ஓடவிடும் வழக்கமும் உண்டு. நரி முகத்தில் விழித்தால் நல்லது நடக்கும் என்ற நம்பிக்கை அதற்குக் காரணம். வனத்துறை இதைத் தடுத்து, மீறியவர்களுக்கு அபராதமும் விதித்துள்ளது. நம்பிக்கையைப் பற்றி இங்கே வாதம் செய்ய வேண்டியதில்லை. எலியையும் நண்டையும் தின்னும் நரியைப் பிடிப்பதால் நஷ்டம் விவசாயிக்குத்தான் என்பதைச் சொல்லியாக வேண்டும். அதன் கடியால் வெறிநோயும் வரலாம். நரியோ, வேட்டை நாயோ கடித்தால், பிறாண்டினாலும் சரி, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். மிளகாயோ சுண்ணாம்போ தடவக் கூடாது.

பயிரைக் காப்பது எப்படி

இவ்வளவையும் கேட்ட விவசாயி, "பின் பன்றியை என்னதான் செய்வது?" என்று கேட்பது நியாயமே. கிழங்கு போனால் வட்டிக்கு வாங்கிய பணம் போனது. அந்த ஆத்திரத்தில்தான் கம்பி இழுக்கிறார்கள். தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கி.மீ. வரை பன்றியைச் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கி.மீ.க்கு அப்பால் வந்து சேதம் செய்யும் பன்றியை வனத்துறையினர் சுடலாம். எந்த நிலையிலும் விவசாயி தாமே சுட இதில் இடமில்லை. ஆகவே தனித்தனியாகப் போகாமல், அந்தப் பகுதி விவசாயிகள் சேர்ந்து, சர்வே எண்ணும் சேத விவரமும் குறித்து வனச்சரக அலுவலகத்தில் எழுத்து மூலம் மனுக் கொடுப்பது பலன் தரும்.

மக்காச்சோளத்தைச் சுற்றி நெருக்கமாக 4 வரிசை ஆமணக்கு விதைப்பது ஆந்திரம், தெலங்கானாப் பகுதிகளில் பரிந்துரைக்கப்படும் முறை. அதன் வாடை பயிரின் வாடையை மறைக்கும்; பன்றியும் அதைத் தின்னாது. இதைப் பயிரோடு சேர்த்தே விதைக்க வேண்டும். கதிர் வந்த பின் யோசித்துப் பயனில்லை. பழைய சேலையை எல்லையில் கட்டுவது, தகரம் தட்டுவது போன்றவை சில நாள் உதவும். பன்றி பழகிவிட்டால் மாற்றிக் கட்ட வேண்டியிருக்கும்.

நிலையான வழி சூரிய மின்வேலியே. நான்கைந்து பேர் நிலம் அடுத்தடுத்து இருந்தால், தனித்தனியாகப் போடாமல் ஒரே சுற்றாகப் போடுவதால் செலவு நிறையக் குறையும். இதற்கு அரசு மானியம் உண்டா, அந்த ஆண்டு எவ்வளவு என்பதை வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். 2023ஆம் ஆண்டு தமிழ்நாடு மின்வேலி விதிகளின்படி, அறிவிக்கப்பட்ட காப்புக்காட்டிலிருந்து 5 கி.மீ.க்குள் புதிதாக மின்வேலி போட வனத்துறையின் முன் அனுமதி வேண்டும். முன்பே போட்டவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். வேலியில் பார்த்தவுடன் தெரியும்படி எச்சரிக்கைத் தகடு தொங்கவிட வேண்டும். கருவியை வீட்டு மின்சாரத்திலோ மோட்டார் இணைப்பிலோ நேரடியாகச் சேர்க்கவே கூடாது. பேட்டரி இறங்கிவிட்டது என்று ஒரு நாள் இரவு மட்டும் அப்படிச் சேர்த்தாலும், அது பழைய திருட்டுக் கம்பிதான். மோட்டார் கொட்டகையில் 30 மில்லி ஆம்பியர் அளவுள்ள ஆர்.சி.சி.பி. எனப்படும் மின்கசிவுத் தடுப்பானை உரிமம் பெற்ற மின்பணியாளர் மூலம் பொருத்திக்கொள்வது தனி நன்மை. கொட்டகையில் கசிவு ஏற்பட்டால் அது நொடியில் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அடுத்தவர் கொக்கி போட்டு இழுத்த கம்பிக்கு இது காவல் ஆகாது.

பயிர்ச்சேதம் நேர்ந்தால், அன்றே படம் எடுத்து வைத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் நகல் பெற்று, தாமதமின்றி வனச்சரக அலுவலகத்தில் நிவாரணத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். தடம் அழியுமுன், உழுதுவிடுமுன், வனத்துறையினர் வந்து பார்க்கும்படி செய்துகொள்வது அவசியம்.